கணுக்கால் வரை தண்ணீர்



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது தீபாவளிக்குச் சில நாட்களே மிச்சமிருக்கும். ஒட்டடை அடித்தாயிற்று, பரணை ஒழித்தாயிற்று, முறுக்குக்கு மாவு அரைத்தாயிற்று என்று வீட்டு வேலைகள் ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருக்கும். அந்த வரிசையில் பெரும்பாலும் விட்டுப்போகும் ஒரு வேலையைப் பற்றித்தான் இந்த முறை எழுதப்போகிறேன். குளியலறைத் தரையின் மூலையில் பொத்தல் போட்ட எவர்சில்வர் மூடி ஒன்று இருக்கிறதல்லவா? அதைத் திறந்து உள்ளே இருப்பதை எடுக்கும் வேலை.

தீபாவளி விடியற்காலையை நினைத்துப் பாருங்கள். ஊரிலிருந்து வந்தவர்களையும் சேர்த்து வீட்டில் ஏழெட்டுப் பேர். எல்லோர் தலையிலும் நல்லெண்ணெய், எல்லோருக்கும் சீயக்காய். பொழுது விடிவதற்குள் அத்தனை பேரும் ஒரே குளியலறையில் குளித்தாக வேண்டும். மற்ற நாட்களில் மெதுவாகவாவது வடிந்துகொண்டிருந்த தண்ணீர், அன்றைக்கு மூன்றாவது ஆள் குளிக்கும்போதே தேங்கத் தொடங்கும். அடுத்தவர் கணுக்கால் வரை அழுக்குத் தண்ணீரில் நின்றபடி கங்கா ஸ்நானம் செய்வார். அன்றைக்கு ப்ளம்பரைக் கூப்பிட்டால் வரமாட்டார். கூப்பிடவும் கூடாது, அவர் வீட்டிலும் தீபாவளிதானே.

வீட்டுக்குறிப்புப் பகுதிக்கு வரும் கடிதங்களில் சமையலுக்கு அடுத்தபடி அதிகம் கேட்கப்படுவது இந்த அடைப்பைப் பற்றித்தான். 'என்ன ஊற்றினால் அடைப்பு போகும்?' என்றே எல்லோரும் கேட்கிறார்கள். ஊற்றுவதைவிட எடுப்பதுதான் வழி என்பது என் உறுதியான எண்ணம். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நம் பாட்டிமார் வாரத்துக்கு இரண்டு முறை எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்கள். பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும், ஆண்களுக்குப் புதனும் சனியும் என்று கிழமை வைத்தே குளித்தார்கள். சீயக்காய், கொங்குப் பக்கம் அரப்பு, பிள்ளைகளுக்குப் பயத்தமாவு, பெண்களுக்கு மஞ்சள் என்று இன்றைக்கு நாம் பயன்படுத்துவதைவிட அதிகமாகவே பயன்படுத்தினார்கள். ஆனாலும் அடைப்பு என்று அவர்கள் அல்லாடியதாகக் கேள்விப்பட்டதில்லை. குளித்தது கிணற்றடியில். தண்ணீர் ஒரு திறந்த வாய்க்காலில் ஓடி வாழைக்கும், கல்வாழைக்கும், தென்னைக்கும் போயிற்று. சீயக்காய்ச் சக்கை மண்ணில் தங்கி உரமாயிற்று. வாய்க்காலில் முடி சிக்கினால் கண்ணுக்குத் தெரிந்தது, விளக்குமாற்றால் ஒதுக்கிவிட்டார்கள்.

நாம் குளியலை வீட்டுக்குள் கொண்டுவந்தோம், பிறகு மூன்றாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் கொண்டுபோனோம். எண்ணெயும் பொடியும் கூடவே வந்தன. வாய்க்கால் மட்டும் மூன்றங்குல பி.வி.சி. குழாயாகித் தரைக்கடியில் மறைந்துவிட்டது. உள்ளே என்ன சேர்கிறது என்று யாருக்கும் தெரிவதில்லை. தண்ணீர் நின்ற பிறகுதான் அப்படி ஒன்று இருப்பதே நினைவுக்கு வருகிறது.

முதலில் சொன்ன அந்தப் பொத்தல் மூடியைக் கடைக்காரர்கள் ஜாலி என்பார்கள். அதற்குக் கீழே இருப்பது நாணி ட்ராப். கட்டட வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர், வீட்டில் குடியிருக்கிற நமக்குத்தான் பழக்கமில்லை. ட்ராப் என்பது குழாயில் வேண்டுமென்றே வைத்த ஒரு வளைவு, அல்லது கவிழ்த்த கோப்பை வைத்த ஒரு கிண்ணம். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் கொஞ்சம் தண்ணீர் வடியாமல் அதில் தங்கியே இருக்கும். வழக்கமாக 50 மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும். சாக்கடையின் வாடையும் பூச்சிகளும் வீட்டுக்குள் ஏறிவராமல் அடைத்து நிற்பது அந்த இரண்டங்குலத் தண்ணீர்தான். லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த அலெக்ஸாண்டர் கம்மிங் என்பவர் 1775-ல் கழிவறைக்காக இப்படி ஒரு வளைகுழாய்க்குக் காப்புரிமை பெற்றார். இன்றைக்கு உலகம் முழுவதும் வீட்டுக்குள் கழிப்பறை வைத்துக்கொள்ள முடிவதற்கு அந்த வளைவும் ஒரு காரணம்.

அந்தத் தண்ணீர் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஹாங்காங் அனுபவம் சாட்சி. 2003-ல் சார்ஸ் நோய் பரவியபோது ஆமாய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் மட்டும் 300-க்கும் மேற்பட்டோருக்கு நோய் வந்தது. ஆராய்ந்தவர்கள் சந்தேகப்பட்ட வழிகளில் முக்கியமானது குளியலறைத் தரையின் ட்ராப். பல வீடுகளில் தரையைத் துணியால் துடைத்தார்களே தவிர, தண்ணீர் ஊற்றிக் கழுவவில்லை. ட்ராப்பில் நின்ற தண்ணீர் வற்றிவிட்டது. கழிவுக்குழாயிலிருந்த காற்று, வெளியேற்றும் மின்விசிறி இழுத்த இழுப்பில் குளியலறைக்குள் வந்திருக்கிறது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பூட்டிய வீட்டில் ஒரு வாடை அடிக்குமே, அதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். வந்ததும் ஒவ்வொரு ட்ராப்பிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். அடைப்பெடுக்கிறேன் என்று ட்ராப்பின் உள்கோப்பையைக் கழற்றி எறிந்துவிடுகிறவர்களும் உண்டு. தண்ணீர் வேகமாகப் போகும், உண்மைதான். கூடவே கரப்பானும் நாற்றமும் வந்து சேரும்.

சரி, அங்கே அடைத்துக்கொள்வது என்ன? முடியும் சோப்பும். மற்றதெல்லாம் இவை இரண்டின் மேல் வந்து ஒட்டுபவை.

நல்ல ஆரோக்கியமாக இருக்கும் ஒருவருக்கே ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிரும். தலைக்குக் குளிக்கும் நாளில் அது மொத்தமாக வந்து விழும். முடி கெராட்டின் என்ற புரதத்தால் ஆனது, எளிதில் மக்காது. எகிப்தின் மம்மிகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குப் பிறகும் முடி அப்படியே இருக்கிறது. அப்படிப்பட்ட பொருள் நம் ட்ராப்பில் ஆறு மாதம் ஈரத்தில் கிடந்து கரைந்துவிடும் என்று எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை. முதலில் ஒரு முடி விளிம்பில் சிக்கும், அதில் இன்னொன்று பின்னிக்கொள்ளும். கொஞ்ச நாளில் அது வலையாகிவிடும்.

அந்த வலையை அடைத்துக் கெட்டியாக்குவது சோப்பு. நம் ஊரில் பல இடங்களில் போர் தண்ணீர்; அதில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். சோப்பு அவற்றோடு சேர்ந்ததும் தண்ணீரில் கரையாத வெள்ளைக் கசடாக மாறிவிடுகிறது. வாளியின் உட்புறம் படிந்து, நகத்தால் சுரண்டினால் மெழுகாக வருகிறதே, அதே கசடுதான். அது முடிவலையில் படிகிறது. அதன்மேல் நல்லெண்ணெய்ப் பிசுக்கு, அதில் சீயக்காய்த் தூளின் சக்கை. கொஞ்ச நாளில் முழுப் பொருளும் கறுத்து, வழவழவென்று, நார் உரித்த தேங்காய்க் குடுமியைப் போல ட்ராப்பின் வாயில் உட்கார்ந்துகொள்ளும்.

ஷாம்பு சாஷேயின் கிழிந்த மூலையையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். ஷாம்பு பணக்காரர்களின் பொருளாக இருந்த காலத்தில், அதைச் சின்னப் பொட்டலத்தில் அடைத்து எளியவர்களும் வாங்கும்படி செய்த முன்னோடி நம் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். அவர் செய்தது பெரிய காரியம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் ஈரக்கையோடு பல்லால் கடித்துத் துப்பும் அந்தப் பிளாஸ்டிக் துணுக்கு ஜாலியின் பொத்தலில் சுலபமாக நுழைந்துவிடுகிறது. கத்தரிக்கோலால் முழுவதும் வெட்டிவிடாமல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்படி நறுக்கினாலே போதும்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஜாலியில் முடியைப் பார்த்ததும் வீட்டுப் பெண்களைக் கடிந்துகொள்ளும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு மூன்று, நான்கு மாதங்களில் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டும். அது உடலின் இயல்பு, பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். ரத்தசோகை, தைராய்டு, கடும் காய்ச்சல், மனக்கவலை எல்லாமே முடியை உதிர்க்கும். தன் முடி உதிர்வதைப் பார்த்து ஏற்கெனவே மனம் வாடியிருக்கும் ஒருத்தியிடம் போய், உன்னால்தான் அடைத்துக்கொண்டது என்று சொல்வது கொடுமை. அடைப்புக்கு எல்லோருடைய சோப்பும் காரணம், எல்லோருடைய எண்ணெயும் காரணம். எடுக்கும் வேலையும் எல்லோருக்கும் பொது. இதுவரை அதை எடுத்தே பழகாத ஆண்கள் இந்த முறை முதலில் கையுறையை மாட்டிக்கொள்ளட்டும்.

இனி வேலைக்கு வருவோம். முதலில், அடைப்பு எங்கே என்று பாருங்கள். ஒரு குளியலறையில் மட்டும் தண்ணீர் மெதுவாகப் போகிறது, மற்ற இடங்களில் நன்றாகப் போகிறது என்றால், கோளாறு அநேகமாக அந்த ட்ராப்பிலேயே, உங்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. குளியலறை, சமையலறை, கை கழுவும் பேசின் எல்லாம் சேர்ந்தாற்போல் மந்தமாக இருந்தால் பொதுக்குழாயில் சிக்கல். தரைத்தளத்தில் தண்ணீர் கீழிருந்து மேலே எதிர்த்து வருகிறது என்றால் வெளியே குழாய்கள் வந்து சேரும் சேம்பர் தொட்டியில் அடைப்பு. பின்னிரண்டுக்கும் ஆள் தேவைப்படும். முதலாவதுக்குத் தேவைப்படாது.

ஒரு ரப்பர் கையுறை, பழைய டூத் பிரஷ், ஸ்க்ரூ டிரைவர், நுனியைக் கொக்கிபோல் வளைத்த ஒரு கம்பி, பழைய செய்தித்தாள் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாலியில் திருகாணி இருந்தால் கழற்றுங்கள். சில ஜாலிகளைத் திருப்பினாலே வந்துவிடும். டைல்ஸ் ஒட்டியபோது வெள்ளை சிமென்ட் வழிந்து இறுகியிருந்தால், விளிம்பைச் சுற்றி மெதுவாகக் கீறிவிட்டுக் கிளப்புங்கள். அடித்து உடைக்க வேண்டாம். உள்ளே கோப்பை இருந்தால் அதையும் தூக்கி வெளியே வையுங்கள். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று கவனித்துக்கொள்ளுங்கள், அல்லது கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கொக்கியை விட்டு இழுக்க வேண்டியதுதான். பெரும்பாலான அடைப்பு முதல் ஒரு சாண் ஆழத்துக்குள்தான் இருக்கும். மேலே வருவது பார்க்க நன்றாக இருக்காது, வாடையும் அடிக்கும். செய்தித்தாளில் சுருட்டிக் குப்பையில் போடுங்கள். அதைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். மூன்றங்குலக் குழாயில் இருந்த அடைப்பை நாலங்குலக் குழாய்க்கு மாற்றியதாகத்தான் ஆகும். ட்ராப்பின் உள்சுவரை டூத் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, கை பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவமோ சலவை சோடாவோ கலந்து ஊற்றுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இளகும். கொதிக்கக் கொதிக்க ஊற்றக் கூடாது. பி.வி.சி. 80 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும் பொருள், கொதிநீர் 100 டிகிரி. ஒட்டிய இடங்கள் விட்டுக்கொடுத்தால் கீழ்வீட்டுக் கூரையில் கசிவு தெரியும்.

கொக்கிக்கு எட்டவில்லை என்றால் அடுத்தது பிளஞ்சர், கைப்பிடி வைத்த ரப்பர் குமிழ். கோப்பையைக் கழற்றிய வாயின் மேல் குமிழ் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். காற்றை அழுத்தினால் பயனில்லை, தண்ணீரைத்தான் தள்ள வேண்டும். பேசினின் குழாயும் அதே ட்ராப்பில் வந்து சேர்கிறதா என்று பாருங்கள். சேர்ந்தால் பேசினின் வாயை ஈரத்துணியால் இறுக்கி அடையுங்கள். இல்லையென்றால் நீங்கள் கொடுக்கும் அழுத்தமெல்லாம் அந்த வழியே போய்விடும். அழுத்துவதைவிட இழுப்பதில்தான் அடைப்பு அசையும். அதற்கும் மசியாவிட்டால், ஹார்டுவேர் கடையில் கையால் சுற்றும் ஸ்பிரிங் கம்பி கிடைக்கும். தெருவில் அடைப்பெடுப்பவர்கள் மூங்கில் பிளாச்சு வைத்துச் செய்யும் வேலையை வீட்டுக் குழாயின் வளைவுகளில் அது செய்யும்.

டொராண்டோவிலும் லண்டனிலும் இருக்கும் நம் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீடுகளில் தரைக்குப் பதில் குளியல் தொட்டி இருக்கும். வேலை ஏறக்குறைய இதேதான். தொட்டியின் அடைப்பானைக் கழற்றினால் அதற்குக் கீழே குறுக்குக்கம்பி ஒன்று இருக்கும், முடி முழுவதும் அதைச் சுற்றித்தான் கிடக்கும். இருபக்கமும் முள் வைத்த மெல்லிய பிளாஸ்டிக் பட்டையைக் கடைகளில் விற்கிறார்கள். அதை உள்ளே விட்டு இழுத்தால் கொத்தாக வந்துவிடும். தொட்டியின் பக்கச்சுவரில் மேலே ஒரு வட்டத் தகடு இருக்கிறதே, தண்ணீர் நிரம்பி வழியாமல் காப்பதற்கான துளை அங்கே இருக்கிறது. பிளஞ்சர் போடும் முன் அந்தத் துளையை ஈரத்துணியால் அடையுங்கள். இதை விட்டுவிட்டு எவ்வளவு அழுத்தினாலும் பலன் இருக்காது. சில தொட்டிகளில் அந்தத் தகட்டில் ஒரு நெம்புகோல் இருக்கும். தகட்டைக் கழற்றி மெதுவாக இழுத்தால் உள்ளே தொங்கும் கம்பியும் அதில் சுற்றிய முடியும் சேர்ந்தே வெளியே வரும்.

அடுத்து, எல்லோரும் கேட்கும் கேள்வி. சமையல் சோடாவைப் போட்டு வினிகரை ஊற்றினால் போதும் என்று நிறைய வீடியோக்கள் சொல்கின்றன. பொங்கி நுரைத்து வருவதைப் பார்த்தால் உள்ளே ஏதோ பெரிய வேலை நடப்பதுபோல் இருக்கும். நடப்பது இவ்வளவுதான்: சோடா காரம், வினிகர் அமிலம், இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்துகொண்டு கரியமில வாயுவாகவும் லேசான உப்புத்தண்ணீராகவும் ஆகிவிடுகின்றன. முடிக்கு அதனால் எந்தச் சேதமும் இல்லை. கெடுதலும் இல்லை, வாடை கொஞ்சம் குறையலாம். அடைப்பு போகும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

முடியைக் கரைக்க எவ்வளவு கடுமையான பொருள் வேண்டும் என்பதை ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து வாசகர்கள் நன்றாக அறிவார்கள். தோல் பதனிடும் இடங்களில் தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் போட்ட தொட்டியில் ஊறவைக்கிறார்கள். கடையில் கிடைக்கும் அடைப்பு நீக்கும் தூள்களில் பெரும்பாலும் இருப்பது காஸ்டிக் சோடா. அது முடியைக் கரைக்கும்தான். தோலையும் கண்ணையும் அதேபோல் அரிக்கும். தண்ணீரில் பட்டதும் கொதிக்கும் அளவுக்குச் சூடேறித் தெறிக்கும். தண்ணீர் அறவே நகராத அடைப்பில் போட்டால், கரைந்து உள்ளே போக வழியில்லாமல் அடியில் கட்டியாக இறுகியும் விடும். போட்டே ஆக வேண்டும் என்றால் பாக்கெட்டில் எழுதியிருப்பதை ஒருமுறை முழுவதும் படியுங்கள். கண்ணாடி, கையுறை இல்லாமல் தொடாதீர்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

எந்தக் காரணத்துக்காகவும் இரண்டு பொருள்களைக் கலக்காதீர்கள். இதைத் தனியாக எடுத்துச் சொல்கிறேன். ஒன்றுக்கு அடைப்பு போகவில்லை என்று இன்னொன்றை ஊற்றுவதில்தான் ஆபத்து நேர்கிறது. காஸ்டிக் சோடா கிடக்கும் ட்ராப்பில் ஆசிட்டை ஊற்றினால் பொங்கி முகத்தில் அடிக்கும். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட்டோ, ஆசிட் கலந்த கழிப்பறைத் திரவமோ பட்டால் குளோரின் வாயு கிளம்பும். 1915-ல் முதல் உலகப் போரின்போது பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கருகே போர்க்களத்தில் திறந்துவிட்ட அதே வாயு. நாம் அதை ஜன்னல் சின்னதாக இருக்கும் குளியலறைக்குள் உண்டாக்கிவிடுகிறோம். தெரியாமல் கலந்து, கண் எரிந்து தொண்டை அடைத்தால் எதையும் கழுவிக்கொண்டு நிற்க வேண்டாம். கதவைத் திறந்துபோட்டு உடனே வெளியே வந்துவிடுங்கள்.

ப்ளம்பரைக் கூப்பிடும்போது ட்ராப்பில் என்ன ஊற்றியிருக்கிறீர்கள் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். அவர் கையை உள்ளே விடப்போகிறார். சொல்லாமல் விடுவது அவருக்குச் செய்கிற துரோகம்.

புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கும் குளியலறையைப் புதுப்பிக்கிறவர்களுக்கும் இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. முதலாவது, வாட்டம். டைல்ஸ் ஒட்டும்போதே ஒரு வாளி தண்ணீரைக் கொட்டி அது ட்ராப்பை நோக்கி ஓடுகிறதா என்று கொத்தனாரைக் கூட வைத்துக்கொண்டு பாருங்கள். வாட்டம் தவறிய குளியலறையில் அடைப்பே இல்லாவிட்டாலும் தண்ணீர் நிற்கும், அதற்கு எந்த மருந்தும் இல்லை. இரண்டாவது, சேம்பர் மூடி. வாசல் அழகு கெடுகிறது என்று சேம்பரின் மேல் டைல்ஸ் ஒட்டி மறைத்துவிடுகிறார்கள். ஒரு நாள் அடைத்துக்கொண்டதும் எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தரை முழுவதையும் தோண்டுகிறார்கள். மொகஞ்சதாரோவில் நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் கட்டிய செங்கல் சாக்கடைகளுக்கு, எடுத்துச் சுத்தம் செய்யும்படியான மூடிகள் போட்டிருந்தார்கள். நம் கீழடியிலும் சுடுமண் குழாய்களும் திறந்த, மூடிய வடிகால்களும் கிடைத்திருக்கின்றன. வடிகால் என்றால் அதைத் திறந்து பார்க்க வேண்டிவரும் என்று மொகஞ்சதாரோக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தெளிவு நமக்கும் வேண்டும்.

இவ்வளவையும் நான் எழுதுவது தண்ணீர் சீக்கிரம் வடிய வேண்டும் என்பதற்காக மட்டுமல்ல. நம் குளியலறையில் எடுக்காமல் விட்ட முடியும் பிளாஸ்டிக்கும் காணாமல் போய்விடுவதில்லை. ட்ராப்பைத் தாண்டினால் சேம்பரில், சேம்பரைத் தாண்டினால் செப்டிக் டேங்கில் அல்லது தெருச் சாக்கடையில் போய்ச் சேரும். கடைசியில் ஒரு மனிதரின் கையில் போய் நிற்கும். அந்த மனிதர் யார், எந்தச் சாதியில் பிறந்தவர் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். நம் உடம்பிலிருந்து உதிர்ந்ததை நாம் தொடக் கூசுகிறோம், இன்னொருவர் தொடுவதை மட்டும் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். இந்தக் கூச்சத்தைத்தான் முதலில் விட வேண்டும். 1901-ல் கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டுக்குப் போன காந்தி, அங்கே கழிப்பறை நாறியதைச் சொன்னபோது, அது தோட்டிகளின் வேலை என்றார்கள் தொண்டர்கள். அவர் ஒரு விளக்குமாற்றைக் கேட்டு வாங்கித் தானே சுத்தம் செய்தார். சுயசரிதையில் அதை அவர் எழுதியிருக்கிறார். மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பற்றி 2017-ல் வெளிவந்த திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது இன்னும் தெளிவாகப் புரியும்.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ம் ஆண்டின் சட்டப்படி, பாதாளச் சாக்கடையையோ செப்டிக் டேங்கையோ ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய ஆளை அமர்த்துவது குற்றம். மாநகராட்சிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் மட்டுமல்ல, வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். முதல் முறைக்கே இரண்டாண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடையில் இறங்கி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. கோலார் தங்கவயலில் பிறந்த பெசவாடா வில்சன் இந்தக் கொடுமைக்கு எதிராக வாழ்நாள் முழுவதும் போராடி வருகிறார். 2016-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. இத்தனைக்குப் பிறகும் செப்டிக் டேங்கில் இறங்கி இறந்தார்கள் என்ற செய்தி பத்திரிகையில் வந்துகொண்டுதான் இருக்கிறது. உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் மூக்கின் மோப்ப சக்தியையே மரத்துப்போகச் செய்துவிடும். வாடை இல்லை என்று நம்பி இறங்குகிறவர் நினைவு தப்பி விழுகிறார், அவரைத் தூக்கப்போனவரும் விழுகிறார்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். இந்த வாரக் கடைசியில் ஜாலியைத் திறந்து, உள்ளே இருப்பதை உங்கள் கையாலேயே எடுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள், அவர்களும் கற்றுக்கொள்ளட்டும். அதன்பின் மாதம் ஒருமுறை கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும் ஜாலிமேல் கிடக்கும் முடியை அவரவர் எடுத்துக் குப்பைக்கூடையில் போடுவதை வீட்டில் வழக்கமாக்குங்கள். அடைப்பு சேம்பரையும் தாண்டி இருந்தால் இயந்திரம் வைத்திருப்பவரை, உறிஞ்சும் லாரி வைத்திருப்பவரை அழையுங்கள். செலவு கூடத்தான் ஆகும். 'இவ்வளவு எதுக்கு சார், நானே இறங்கி எடுத்துடறேன்' என்று யாராவது வந்து நின்றால், அவருக்கு அன்றைய கூலியைக் கொடுத்தாவது திருப்பி அனுப்புங்கள். எந்த நிலையிலும் ஓர் ஆளை உள்ளே இறக்காதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்